பெயரை மறக்கச் சொல்லும் பாடம்: திறந்தவெளி ஓவியப் பட்டறைகள் குறித்து

'பட்டறை' என்ற சொல்லை நமக்குப் பழக்கப்படுத்தியவர்கள் நாடகக்காரர்கள். 1980இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் பாதல் சர்க்கார் நடத்திய நாடகப் பட்டறை பற்றித் தமிழில் பலரும் பேசியிருக்கிறார்கள், எழுதியிருக்கிறார்கள். உடம்பை எப்படிப் பழக்குகிறோம், கூட்டாக எப்படி அசைகிறோம், பார்வையாளரை எங்கே நிறுத்துகிறோம் என்பதெல்லாம் அரசியல் கேள்விகள்தாம் என்பதில் அப்போதும் சரி, இப்போதும் சரி, நமக்குச் சந்தேகம் வந்ததில்லை. ஆனால் பத்துப் பன்னிரண்டு பேர் பலகையையும் நீர்வண்ணப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு விடியற்காலையில் ஏரிக்கரைக்கோ கடற்கரைக்கோ போய் உட்கார்ந்து, ஓர் ஓவியரிடம் நிலக்காட்சி வரையக் கற்றுக்கொள்கிறார்கள் என்றால், 'அது சும்மா பொழுதுபோக்கு, காலண்டர் சமாச்சாரம்' என்று ஒதுக்கிவிடுகிறோம். உடம்பைப் பழக்குவது அரசியல் என்றால் கண்ணைப் பழக்குவது மட்டும் எப்படி அரசியல் இல்லாமல் போகும்? இப்படிப்பட்ட சில பட்டறைகளில் உட்கார்ந்து வரைந்தவன் என்ற முறையில், அங்கே கண்ணுக்கு என்ன நடக்கிறது என்று விளக்கிப் பார்க்கிறேன்.

முதலில் நடைமுறை. பட்டறை ஒரு நாளிலிருந்து ஐந்தாறு நாள் வரை நடக்கும். நடத்துபவர் ஓவியத்தையே தொழிலாகக் கொண்டவர். பாடத்திட்டம், தேர்வு, சான்றிதழ் என்ற தொல்லைகள் கிடையாது. முதல் ஒரு மணிநேரம் அவர் வரைவார், மற்றவர்கள் பின்னால் நின்று பார்ப்பார்கள். இதை 'டெமோ' என்கிறார்கள். பிறகு ஆளுக்கொரு இடம் பார்த்து உட்கார வேண்டும். அட்டையில் நீள்சதுரமாக வெட்டிய ஓட்டையைக் கண்ணுக்கு முன்னால் பிடித்து, நகர்த்தி நகர்த்தி, எது உள்ளே, எது வெளியே என்று தீர்மானிக்க வேண்டும். அடுத்து கண்ணைப் பாதி மூடிச் சுருக்கிப் பார்க்க வேண்டும். சுருக்கினால் விவரங்கள் மங்கி, வெளிச்சம், நடுத்தரம், இருட்டு என்று மூன்று நான்கு திட்டுகளாகக் காட்சி பிரிந்து நிற்கும். அதைத் தீப்பெட்டி அளவில் பென்சிலால் போட்டுப் பார்த்த பிறகுதான் தூரிகையைத் தொடலாம். நீர்வண்ணத்தில் வெள்ளைக்கென்று வண்ணம் பூசுவது வழக்கமில்லை. தாளின் வெள்ளைதான் வெள்ளை. ஆகவே எங்கே தொடாமல் விடப்போகிறோம் என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும். வெயிலோ நகர்ந்துகொண்டே இருக்கிறது. இரண்டு மணிநேரத்துக்கு மேல் அதே காட்சி அங்கே இருக்காது. நிழல்களின் இடத்தை முதலிலேயே குறித்துக்கொண்டுவிட வேண்டும், அப்புறம் வெயில் என்ன சொன்னாலும் கேட்கக் கூடாது. கடைசியில் எல்லாத் தாள்களையும் தரையில் வரிசையாக வைத்து அவர் ஒவ்வொன்றாகப் பேசுவார்.

இதில் ரகசியம் எதுவும் இல்லை. புத்தகத்தில் இருக்கிறது, இன்றைக்குச் செல்போனில் வேண்டிய மட்டும் டெமோ பார்க்கலாம். பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும் கிடைப்பது ஈரத்தைப் பற்றிய அறிவு. கடலோரப் பனிக்காற்றில் பூசிய வண்ணம் காயவே காயாது. அடுத்த பூச்சை அவசரப்பட்டு வைத்தால் இரண்டும் கலங்கிச் சேறாகிவிடும். சித்திரை வெயிலில் நேர்மாறு. வானத்தைப் பூசிக்கொண்டே வரும்போது பாதி வழியிலேயே காய்ந்து கோடு விழுந்துவிடும். தாளைச் சாய்த்துப் பிடித்து, பளபளப்பு எப்போது மங்குகிறது என்று பார்த்துக் கைவைப்பதை எந்தத் திரையும் கற்றுத் தராது. அங்கே உங்கள் ஊர்க் காற்று இல்லை.

இன்னொரு விஷயமும் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் தெரிகிறது. இந்தப் பட்டறைகளுக்கு வருகிறவர்களில் பெண்கள் கணிசம். நம் ஊர்களில் ஆண் டீக்கடை வாசலிலோ மதகு மேலோ ஒரு காரணமும் இல்லாமல் இரண்டு மணிநேரம் உட்கார்ந்திருக்கலாம். யாரும் கேட்க மாட்டார்கள். ஒரு பெண் தனியாக உட்கார்ந்தால் கால்மணி நேரத்தில் நான்கு பேர் விசாரித்துவிடுவார்கள். பொது இடத்தை நிதானமாக, வெறித்து, உரிமையோடு பார்ப்பது என்பது நடைமுறையில் ஆண்களுக்கு ஒதுக்கப்பட்ட காரியம். கையில் பலகை, சுற்றிலும் இன்னும் பத்துப் பேர் என்று ஆனதும் அந்தப் பார்வைக்கு ஓர் அனுமதிச் சீட்டு கிடைத்துவிடுகிறது. இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. அமெரிக்காவில் இத்தகைய வகுப்புகள் தொடங்கிய காலத்திலும் இதே கதைதான். வில்லியம் மெரிட் சேஸ் 1891 முதல் 1902 வரை நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் உள்ள ஷின்னெகாக் குன்றுகளில் நடத்திய கோடைக்கால ஓவியப் பள்ளிதான் அங்கே திறந்தவெளி ஓவியத்துக்கென்று நடந்த முதல் பெரிய பள்ளி. மாணவர்களில் பெரும்பான்மை பெண்கள். வாரத்தில் ஒருநாள், திங்கட்கிழமை, எல்லோருடைய படங்களையும் கூட்டமாக வைத்துச் சேஸ் விமர்சிப்பார். நம் பட்டறைகளில் தாள்களைத் தரையில் பரப்புவதன் முன்னோடி அதுதான்.

சேஸிடம் படித்து அவருக்கு உதவியாளராகவும் இருந்த சார்லஸ் ஹாத்தார்ன் 1899இல் மாசசூசெட்ஸ் கடற்கரையில் பிராவின்ஸ்டவுன் என்ற மீன்பிடி ஊரில் தன்னுடைய பள்ளியைத் தொடங்கினார். இன்று உலகம் முழுவதும் பட்டறைகளில் ஒலிக்கும் வாசகத்துக்குப் பெரிய அளவில் பொறுப்பானவர் இவர். ஆளை வெயிலுக்கு முதுகைக் காட்டி நிறுத்துவார். தொப்பி நிழலில் முகம் இருண்டிருக்கும். கண், மூக்கு, வாய் எதையும் வரையக் கூடாது. தூரிகைகூடக் கிடையாது, புட்டி வைக்கும் கத்தி. நிழலான முகம் ஒரு நிறம், அதன் பின்னால் மணல் ஒரு நிறம், தண்ணீர் ஒரு நிறம். ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றைச் சரியாக வைத்தால் போதும். மாணவர்களின் படங்களில் தலைகள் சேற்று உருண்டைகளாக வந்தன. 'சேற்றுத் தலைகள்' என்றே அவற்றுக்குப் பெயர். இவருடைய வகுப்புக் குறிப்புகளைத் தொகுத்து 1938இல் வெளிவந்த புத்தகம் இன்றும் படிக்கப்படுகிறது.

நம் பட்டறைகளில் இது இப்படி ஒலிக்கும்: "மரம்னு நெனச்சு வரையாதீங்க. அங்க என்ன கலர் தெரியுதோ அத மட்டும் வைங்க. அது மரமா, மலையா, மனுசனாங்கறத மறந்துடுங்க."

இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நாம் கண்ணால் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு பெயரால் பார்க்கிறோம். இலை என்றால் பச்சை, கடல் என்றால் நீலம், மனிதன் என்றால் ஒரு தலை, இரண்டு கை. சாயங்கால வெயிலுக்கு எதிராகப் பார்த்தால் தென்னை ஓலை கிட்டத்தட்ட ஊதா. மேகமூட்ட நாளில் கடல் கழுவிய ஸ்லேட்டு. பழக்கம் கண்ணை மறைத்துவிடுகிறது என்று 1917இல் ஷ்க்லோவ்ஸ்கி இலக்கியத்துக்குச் சொன்னதும், அதைப் 'பரிச்சய நீக்கம்' என்று நாம் பக்கம் பக்கமாக விவாதித்ததும் இதைத்தான். கோட்பாட்டாளர்கள் வாக்கியத்தில் செய்ய முயன்றதை ஓவியர்கள் கண்ணைச் சுருக்கிச் செய்கிறார்கள், அவ்வளவே. பெயர் உதிரும்போது ஒரு நிமிடம் உலகம் புதிதாக இருக்கிறது. அந்த அனுபவம் பொய்யில்லை, அதற்காகத்தான் ஆட்கள் திரும்பத் திரும்ப வருகிறார்கள்.

ஆனால் யாருடைய பெயர், எந்தப் பெயர் உதிர்கிறது என்று கேட்காமல் இருக்க முடியாது. சேஸ் பள்ளி நடத்திய இடத்தையே எடுத்துக்கொள்வோம். ஷின்னெகாக் என்பது அந்த மண்ணின் பழங்குடியினரின் பெயர். 1703இல் போட்ட ஓர் ஒப்பந்தம் அந்தக் குன்றுகளை ஆயிரம் ஆண்டுக் குத்தகையாக அவர்களுக்கு உறுதி செய்திருந்தது. 1859இல் மாநிலச் சட்டமன்றத்தின் வழியாக அந்தக் குத்தகை உடைக்கப்பட்டது. மக்கள் பக்கத்திலிருந்த சிறு நிலமுனைக்குள் ஒதுக்கப்பட்டார்கள், குன்றுகள் விற்பனைக்கு வந்தன, ரயில் வந்தது. அதற்கான மனுவில் தங்கள் முன்னோரின் கையெழுத்துகள் போலியாகப் போடப்பட்டன என்பது அவர்களுடைய வாதம். 2005இல்கூட நிலத்தைக் கேட்டு வழக்குப் போட்டார்கள்; அது தள்ளுபடியானது. பள்ளி தொடங்கிய அதே 1891இல் அங்கே ஒரு கோல்ஃப் மைதானமும் உருவானது. அதை உருவாக்கும் கூலி வேலையில் ஷின்னெகாக் மக்களே இருந்தார்கள். இவ்வளவும் நடந்து முடிந்த மண்ணில் சேஸ் ஈசலை ஊன்றினார். அவருடைய புகழ்பெற்ற ஷின்னெகாக் படங்களில் மணற்குன்று, குட்டைப் புதர், அகன்ற வானம், வெள்ளை உடையில் அவருடைய மனைவியும் மகள்களும். ஆளில்லாத, யாருக்கும் சொந்தமில்லாத, ஆகவே நமக்காகவே காத்திருக்கிற நிலம். வெளிச்சத்தை அவ்வளவு நேர்மையாகப் பிடித்த படங்கள் அவை. வெளிச்சம் பொய் சொல்லவில்லை. சட்டகத்துக்கு முப்பது ஆண்டுகள் முன்பே நிலம் காலிசெய்யப்பட்டுவிட்டது, கண்ணைச் சுருக்கினால் மீதியும் போய்விடுகிறது.

சட்டகத்தின் பழைய வரலாறும் இதிலிருந்து விலகியதல்ல. இங்கிலாந்தில் வில்லியம் கில்பின் 1782இல் வை ஆற்றுப் பயண நூலை வெளியிட்டு, 'படத்துக்கு உகந்த அழகு' என்ற அளவுகோலைப் பிரபலப்படுத்தினார். டின்டர்ன் மடாலயத்தின் இடிபாடு போதுமான அளவு இடியவில்லை, ஒரு சுத்தியல் கிடைத்தால் சரிசெய்துவிடலாம் என்ற அளவுக்குப் போனவர். பிரெஞ்சு ஓவியர் கிளாட் லொரெய்ன் பெயரால் ஒரு கறுப்புக் குவிகண்ணாடியும் அப்போது புழங்கியது. காட்சிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு கண்ணாடிக்குள் தெரியும் சின்னப் படத்தை ரசிப்பார்கள். கவிஞர் தாமஸ் கிரே 1769இல் அப்படிக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே நடந்து மல்லாக்க விழுந்து கைமுட்டியைப் பெயர்த்துக்கொண்டார். இன்று மலைமுகட்டில் காட்சிக்கு முதுகைக் காட்டிச் செல்ஃபி எடுப்பவர்களைக் கேலி செய்கிறவர்கள் இந்தப் பரம்பரையைத் தெரிந்துகொள்வது நல்லது.

இந்தப் பார்வை நம்மிடம் பீரங்கிக்குப் பின்னால் வந்தது. தாமஸ் டேனியலும் அவருடைய அண்ணன் மகன் வில்லியமும் 1792–93இல் தென்னிந்தியாவில் சுற்றினார்கள். மூன்றாம் மைசூர்ப் போர் அப்போதுதான் முடிந்திருந்தது. திப்புவிடமிருந்து பாராமகால், அதாவது இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம், 1792 உடன்படிக்கையில் கம்பெனிக்குக் கைமாறியிருந்தது. கம்பெனிப் படை போன தடத்திலேயே இவர்கள் போய் ராயக்கோட்டை முதலான மலைக்கோட்டைகளை வரைந்தார்கள். இருட்டுப் பெட்டிக்குள் காட்சியை விழவைத்துக் கோடு எடுக்கும் கருவி கையில் இருந்தது. தெற்கே பாபநாசம் அருவி வரை வந்தார்கள். 1795 முதல் 1808 வரை வெளியான அவர்களுடைய 144 அச்சுப் படங்களில் மலை, கோட்டை, பாறை, நிழலில் ஓய்வெடுக்கும் இரண்டு மூன்று உருவங்கள் உண்டு. போர் இல்லை. அந்த உருவங்களுக்கு வேலை ஒன்றுதான்: பாறை எவ்வளவு பெரியது என்று அளவு காட்டுவது. இன்றும் பட்டறைகளில் கடைசி ஐந்து நிமிடத்தில், "அங்க ரெண்டு ஃபிகர் வைங்க, ஸ்கேல் தெரியும்" என்று சொல்லும்போது எனக்கு ராயக்கோட்டை ஞாபகம் வருகிறது.

இதையெல்லாம் சொன்னதும், 'அப்படியானால் நிலக்காட்சியே காலனியச் சதி, விட்டுத்தள்ளுங்கள்' என்று முடிவுகட்டும் தோழர்கள் இருக்கிறார்கள். நம்மிடம் திணை இருக்கிறதே என்று உடனே பெருமைப்படுபவர்களும் இருக்கிறார்கள். இருவரோடும் எனக்குச் சண்டை உண்டு. இரண்டாமவரை முதலில் பார்ப்போம். திணையில் நிலம் தனியாக நிற்பதில்லை என்பது உண்மை. முதற்பொருளோடு கருப்பொருள் வருகிறது. அதில் பறவை, விலங்கு, மரத்தோடு உணவும் தொழிலும் பறையும் சேர்ந்தே வருகின்றன. 'நிலக்காட்சி' என்ற புதுச்சொல்லில் இருக்கும் வெறும் 'காட்சி' அங்கே இல்லை. ஆனால் அதே தொல்காப்பியம் அடியோரையும் வினைவலரையும் ஐந்திணைக் காதலுக்கு உரியவர்களாக வைக்கவில்லை. அவர்களுக்குப் புறத்தே, கைக்கிளை பெருந்திணைப் பக்கம்தான் இடம் என்று உரைகள் சொல்கின்றன. தொழில் கருப்பொருளாக உள்ளே வரலாம், தொழில் செய்கிறவர் தலைமக்களாக வர முடியாது. அதுவும் ஒரு சட்டகம்தான். நம் ஊர்ப் பட்டறைகள் தேடிப்போகும் இடங்களைப் பாருங்கள்: கோயில் குளம், தேரடி, பழைய ஓட்டு வீட்டுத் திண்ணை, படகுத்துறை. சேரியின் பக்கம் பலகையைத் திருப்பிய பட்டறை எதையும் நான் பார்த்ததில்லை. அங்கே வெளிச்சம் விழாமலா இருக்கிறது?

முதலாமவருக்குப் பதில் சொல்ல மரக்காணம் உப்பளத்துக்குப் போக வேண்டும். கண்ணுக்கு எட்டிய மட்டும் பாத்திகள், வரப்புகள், குவித்த உப்பு, பெரிய வானம். ஓவியர்களுக்கும் புகைப்படக்காரர்களுக்கும் சொர்க்கம் என்று பேர்பெற்றது. இரண்டாண்டுகளுக்கு முன் ஒரு பட்டறையோடு அங்கே போனேன். ஓவியர்கள் விடியலில் போவது சாய்ந்த வெளிச்சத்துக்காக. உப்பு வாருபவர்கள் அதைவிட முன்னாலேயே வந்துவிடுகிறார்கள். வெயில் ஏறினால் வெள்ளை உப்பிலிருந்து எதிரடிக்கும் வெளிச்சத்தில் கண்ணைத் திறக்க முடியாது. வருடக்கணக்காக அதைப் பார்த்துக் கண் கெட்டுப்போவது உப்பளத் தொழிலாளர்களின் பழைய புகார். நாங்கள் கலைக்காகக் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்த அதே நேரத்தில் அவர்கள் வேறு வழியில்லாமல் சுருக்கிக்கொண்டிருந்தார்கள்.

வரப்பில் போன ஓர் அம்மா, எங்களோடு வந்த ஒரு கல்லூரிப் பெண்ணின் தாளை எட்டிப் பார்த்தார். வழக்கமாக 'நல்லாக்கீதும்மா' என்பார்கள், அல்லது 'எவ்ளோக்கு விக்கும்?' என்பார்கள். இவர் அப்படிச் சொல்லவில்லை. "ஏம்மா, அந்தப் பாத்தியும் இந்தப் பாத்தியும் ஒரே மாரி அடிச்சிக்கிறியே. அது இன்னும் வெறுந்தண்ணி. இதுல பாரு, செவப்பு ஏறிக்கீது. நாளிக்கு உப்பு கட்டிடும்" என்றார். அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள், நானும் பார்த்தேன். ஒன்று சாம்பல் நீலம், இன்னொன்றில் மிக லேசான ரோஜாச் சாயல். சொன்ன பிறகு பளிச்சென்று தெரிந்தது. கடல்நீர் வற்ற வற்ற அடர்த்தி ஏறுகிறது. ஏறிய உவரில் மட்டுமே வாழும் நுண்ணுயிர்களால் தண்ணீர் சிவக்கிறது. ஏறக்குறைய 25 டிகிரி போமே அளவில் உப்பு படியத் தொடங்கும். 29, 30ஐத் தாண்டவிட்டால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து கசந்துவிடும், அதற்குள் மிச்சத் தண்ணீரை வெளியேற்றியாக வேண்டும். டிகிரி பார்க்கக் கருவி உண்டு. இருந்தாலும் அனுபவப்பட்டவர்களுக்கு நிறமே போதும்.

இந்த இடத்தில்தான் பாடம் தலைகீழாகிறது. பெயரை மறந்தால்தான் நிறம் தெரியும் என்பது பட்டறையின் அடிப்படை. இங்கே பெயர் தெரிந்ததனாலேயே, அதாவது வேலை தெரிந்ததனாலேயே, நம்மைவிட நுட்பமாக நிறம் பார்க்கிற ஒரு கண் இருக்கிறது. அவருக்கு அந்தச் சிவப்பு வெறும் திட்டு அல்ல, நாளைய கூலி. வெளியிலிருந்து வருகிறவனுக்குப் பழக்கம் கண்ணை மறைக்கிறது. உள்ளே உழைக்கிறவருக்கு அதே பழக்கம் கண்ணைத் தீட்டியிருக்கிறது. ஷ்க்லோவ்ஸ்கியைப் படித்தபோது இந்த இரண்டாவது வகைப் பழக்கத்தை நாம் யோசிக்கவேயில்லை என்று நினைக்கிறேன். மீனவர் கடலின் நிறத்தையும் விவசாயி பயிரின் பச்சையையும் பார்ப்பது இப்படித்தான். நம் கோட்பாட்டு விவாதங்களில் உழைப்பவர் எப்போதும் பார்க்கப்படுபவராகவே வந்துபோகிறார், பார்ப்பவராக வருவதில்லை.

ஆகவே விட்டுத்தள்ளுவது வழியில்லை. கண்ணைச் சுருக்கக் கற்றுக்கொள்ளாமல் இருந்திருந்தால் அந்த அம்மா காட்டிய ரோஜாச் சாயலைத் தாளில் வைக்க அந்தப் பெண்ணால் முடிந்திருக்காது. சாம்பல் நீலத்தின் பக்கத்தில் அதை வைத்தால் மட்டுமே அது ரோஜாவாகத் தெரியும் என்பது ஹாத்தார்ன் வழியாக வந்த அறிவு. சேற்றுத் தலைகளைப் போடச் சொன்ன அந்த ஆசிரியர் தன் சொந்தப் படங்களில் பிராவின்ஸ்டவுனின் போர்த்துகீசிய மீனவக் குடும்பங்களை முகம் முகமாக வரைந்தார் என்பதையும் மறந்துவிடக் கூடாது. முகத்தை விடச் சொன்னது பயிற்சிக்காக. பயிற்சியே படமாக நின்றுபோனது பிற்பாடு வந்தவர்களால்.

நம்மிடமே வேறொரு திசையில் போனவர் கே.சி.எஸ். பணிக்கர். நீர்வண்ண நிலக்காட்சிகளில் தொடங்கியவர், சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தபோது 1963 முதல் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசைக்குப் போனார். மலையாள எழுத்து, கட்டம், கணக்கு, ஜாதகம் மாதிரியான குறிகள் பரப்பை நிரப்பின. ஆனால் அந்த எழுத்தை வாசிக்க முடியாது. பெயர் திரும்பி வந்தது, யாருடைய பெயர் என்று மட்டும் தெரியவில்லை. அவர் கேட்டுக்கொண்ட கேள்வி வேறு, அதை இங்கே இழுக்க வேண்டியதில்லை.

நாங்கள் சிலர் அதற்குப் பிறகு ஒரு சின்ன ஏற்பாட்டை முயன்று வருகிறோம். ஒரே இடத்தில் இரண்டு தாள். முதல் தாளில் பட்டறை சொல்கிறபடி: சுருக்கிய கண், பெயரில்லாத திட்டுகள். பிறகு பலகையை வைத்துவிட்டு எழுந்து போய், அங்கே வேலை செய்கிறவர்களிடம் முதல் தாளைக் காட்ட வேண்டும். இது என்ன, அது யாருது, இந்தக் கலர் ஏன் இப்படி இருக்கு, எது விட்டுப்போச்சு என்று கேட்க வேண்டும். கேட்டுவந்த பின் இரண்டாவது தாள். இதில் திறமையான ஆட்கள் தடுமாறுகிறார்கள். இரண்டாவது தாளில் விவரம் கூடிப் படம் கெட்டுப்போகிறது, பாத்திகள் வரைபடம் மாதிரி ஆகிவிடுகின்றன. சிலருக்கு மட்டும் நிறங்களுக்கு இடையிலான தூரம் மாறுகிறது, சட்டகம் கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்து தண்ணீர் இறைக்கும் மோட்டார் கொட்டகையையும் ஆட்கள் சோறு தின்னும் ஓலைப் பந்தலையும் உள்ளே கொண்டுவருகிறது. பந்தலின் நிழல், அந்த வெள்ளை வெளியில் இருக்கிற ஒரே அடர்ந்த இருட்டு. படத்தின் கட்டுக்கோப்புக்கே அது தேவைப்பட்டிருக்கிறது, முதல் தாளில் யாரும் அதை உள்ளே எடுக்கவில்லை.

சிக்கல் நேரத்தில்தான். பேசிவிட்டு வருவதற்குள் எட்டரை ஆகிவிடுகிறது. நிழல் குறுகிவிடுகிறது, உப்பு கண்ணைக் கூசுகிறது, பட்டறை நடத்துபவர் டிபன் வந்துவிட்டது என்று கூப்பிடுகிறார், வாரி முடித்தவர்கள் வண்டி ஏறப் போய்க்கொண்டிருக்கிறார்கள். இரண்டாவது தாளுக்கு மறுநாளும் அங்கேயே வர வேண்டியிருக்கிறது. மறுநாளுக்குப் பட்டறையின் நிகழ்ச்சி நிரலில் ஆலம்பரைக் கோட்டை என்று போட்டிருக்கிறது.